செத்திருந்தால் கேட்டிருப்பார்கள்

நான் செத்திருந்தால் விசாரித்திருப்பார்கள். தமிழ்நாட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி செத்தால் அது சும்மா போகிற சாவு இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் காட்டினாள், என்ன சொல்லிப் போனாள், யார் திருப்பி அனுப்பியது, 108 எத்தனை மணிக்கு வந்தது என்று கிராம சுகாதார செவிலியரில் தொடங்கி மாவட்ட ஆட்சியர் வரைக்கும் கேள்வி போகும். ஆட்சியர் நடத்துகிற கூட்டத்துக்குச் செத்தவளின் வீட்டாரையும் அழைத்து, நடந்ததை அவர்கள் வாயால் கேட்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறையே இருக்கிறது. என் வீட்டுக்காரர் போய் உட்கார்ந்திருப்பார். நாலு வார்த்தை கோவையாகப் பேசத் தெரியாத மனிதர். ஆனாலும் கேட்டிருப்பார்கள், அவரும் சொல்லியிருப்பார்.

நான் சாகவில்லை. நுரையீரல் இரண்டிலும் ரத்தக்கட்டி அடைத்து, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு மூச்சுக்குத் தவித்து, எப்படியோ மீண்டு வந்துவிட்டேன். மீண்டுவிட்டதால் என்னைக் கேட்க நாதியில்லை. "கடவுள் புண்ணியத்துல தாயும் பிள்ளையும் நல்லா இருக்கீங்க, அப்புறம் என்ன?" என்கிறார்கள். பார்க்க வருகிற ஒவ்வொருவரும், ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு, இதையே சொல்கிறார்கள். அப்புறம் என்ன என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

ஆரம்பம் கால்தான். இடது கால். ஆறாவது மாதம் முடிகிற சமயத்தில் ஆடுசதையில் ஒரு கடுப்பு. இரவில் குரக்களி பிடித்ததுபோல் இழுக்கும், காலையிலும் விடாது. பிறகு வீங்கியது. வலது காலில் கொலுசு வழக்கம்போல் தொங்க, இடது காலில் அது சதையில் பதிந்து தழும்பு போட்டது. மாதாமாதம் காட்டுகிற நர்சிங் ஹோமில் சொன்னேன். பெயர் எழுதப்போவதில்லை, எழுதினால் என் மேல்தான் வழக்கு வரும். டாக்டரம்மா மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "நீர் கோத்திருக்கும்மா. உப்பைக் குறைச்சுக்க, காலுக்கு ரெண்டு தலகாணி வச்சுப் படு" என்றார். எழுந்து வந்து பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிக் காட்டட்டுமா என்று கேட்டேன். அடுத்த ஆளுக்கு டோக்கன் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீர் கோப்பதென்றால் இரண்டு காலும் அல்லவா வீங்க வேண்டும்? ஒரு கால் மட்டும் வீங்கினால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது என்பது மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாடம். இதை நான் பிறகு தெரிந்துகொண்டேன், அவர் முன்பே தெரிந்திருக்க வேண்டியவர். வலது காலுக்குப் போகிற தமனி, இடது காலிலிருந்து ரத்தம் திரும்புகிற பெரிய சிரையின் மேலே குறுக்காக ஏறிப் போகிறது. மனிதப் பிறவிக்கு அமைப்பே அப்படி. கர்ப்பப்பை கனக்கக் கனக்க அந்தச் சிரை இன்னும் நசுங்கும். தண்ணீர் ஓடாமல் தேங்கிய வாய்க்காலில் பாசி படிகிற மாதிரி ரத்தம் அங்கே தேங்கி உறையும். கர்ப்பத்தில் காலில் கட்டி விழுகிற பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு அது இடது காலில்தான் விழுகிறது. போதாக்குறைக்கு, பிரசவத்தில் ரத்தம் விரயமாகிவிடக் கூடாதென்று உடம்பே முன்கூட்டி ரத்தத்தை எளிதில் உறைகிற பதத்துக்குக் கொண்டுவந்து வைக்கிறது. அதனால் அதே வயதுள்ள மற்ற பெண்ணைவிட மாசமாக இருப்பவளுக்குக் கட்டி விழுகிற வாய்ப்பு நாலைந்து மடங்கு. பிள்ளை பெற்ற ஆறு வாரத்தில் அது இன்னும் பல மடங்கு ஏறுகிறது.

பிறகு மூச்சு. முதலில் மாடிப்படியில். அப்புறம் சமதரையில். அப்புறம் பல் துலக்கும்போதே. நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். பேரேட்டைத் தூக்கி மேசையில் வைத்தால் இதயம் காதுக்குள் அடித்தது. வலப்பக்க விலாவில், மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும், குண்டூசி செருகினாற்போல் ஒரு குத்து. மறுபடியும் அதே நர்சிங் ஹோம்.

"மேடம், மூச்சு வாங்குது."

"மாசமா இருந்தா மூச்சு வாங்காதா? வயிறு மேல ஏறுதுல்ல."

"குத்துது மேடம். மூச்ச இழுத்தா குத்துது."

"கேஸா இருக்கும். ராத்திரி லேட்டா சாப்பிடுறியா?"

"கால் இன்னும் வீக்கம் வத்தல."

"கூகுள் பாத்தியா? படிச்ச பொண்ணுங்களுக்கு இதான் பிரச்சனை. ஒண்ணுமில்லாததுக்கு டென்ஷன். டென்ஷன்லயே மூச்சு வாங்கும்."

எனக்கு இன்றுவரைக்கும் ஆறாதது இந்தக் கடைசி வரி. மூச்சு முட்டுகிறது என்றால் பயம் என்கிறார்கள். மூச்சு முட்டினால் பயப்படாமல் வேறென்ன செய்வாள் ஒருத்தி? எனக்குக் கேஸ் மாத்திரை எழுதினார்கள். வீட்டில் அத்தை ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார்கள். அத்தையை நான் குறை சொல்லவில்லை. அவர் ஐந்து பிள்ளை பெற்றவர், அவருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்திருக்கும். ஆனால் பட்டம் வாங்கி, பலகையில் பெயர் எழுதி, பரிசோதனைக்கென்று பணம் வாங்குகிறவர் ஓமத் தண்ணீரைத் தாண்டி ஒரு படி போக வேண்டாமா? விரலில் மாட்டுகிற அந்தச் சின்ன ஆக்சிமீட்டர், கொரோனாவுக்குப் பிறகு எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் வீட்டில்கூட இருக்கிறது. அதை மாட்டிப் பார்த்திருந்தால் போதும். நாடியை ஒரு நிமிடம் எண்ணியிருந்தால் போதும்.

மயங்கி விழுந்தது குளியலறையில். அது எனக்கு நினைவில்லை, அதனால் எழுதவும் இல்லை. நினைவில் இருப்பது ஜி.எச். அவசரப் பிரிவின் டியூப் லைட்டும், ஹவுஸ் சர்ஜன் படிப்பில் இருந்த ஒரு பெண் பிள்ளையும். என் தங்கை வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாக் கருவளையம். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினாள், 89 காட்டியது. வேறு யாரையும் கேட்காமல் என்னையே கேட்டாள்: "அக்கா, எது முதல்ல வந்துச்சு, காலா, மூச்சா?" நான் காலைக் காட்டினேன். பிரசவ வார்டு சிஸ்டரிடமிருந்து ஒரு டேப் வாங்கிவந்தாள். வயிற்றின் உயரத்தை அளக்கிற மஞ்சள் டேப். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் பேனாவால் புள்ளி வைத்து, முதலில் வலது ஆடுசதையைச் சுற்றினாள், பிறகு இடதை. இடது கால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அதிகம். டேப்பைக் கீழே வைக்காமலே ஓடினாள் பெரிய டாக்டரைக் கூப்பிட.

அந்த டேப்! மாதாமாதம் என் வயிற்றைச் சுற்றி வந்த டேப். பிள்ளை வளர்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் வயிற்றில் வைத்து இழுத்தார்களே, அது ஒருமுறை, ஒரே ஒருமுறை, ரெண்டு அடி கீழே இறங்கி வந்திருக்கக் கூடாதா? வயிறு மட்டும்தான் அவர்கள் பார்வையில் கர்ப்பம். வயிற்றுக்கு மேலே நெஞ்சும் கீழே காலும் உள்ள ஒரு மனுஷி அதைச் சுமந்துகொண்டு வருகிறாள் என்பது யார் நினைவிலும் இல்லை. பிள்ளையின் இதயத் துடிப்பை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்கச் சொல்வார்கள். என் இதயம் நிமிடத்துக்கு 130 அடித்ததை யாரும் கேட்கவில்லை.

ஜி.எச்.சில் முதலில் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்தார்கள். இது முக்கியம், கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் பலமாக இருந்தால், ரத்தத்தை உறையவிடாத ஹெப்பாரினை உடனே ஆரம்பித்துவிட வேண்டும், இல்லையென்று உறுதியானால் நிறுத்திக்கொள்ளலாம். உலகம் முழுக்க அதுதான் முறை. அந்த இரவில் காலின் சிரைக்கு டாப்ளர் ஸ்கேன் பார்க்க ஆளில்லை. நெஞ்சு சி.டி. எடுக்க வேண்டும் என்றார்கள். அங்கேதான் அடுத்த கூத்து.

"மாசமா இருக்கிற பொண்ணுக்கு சி.டி.யா? பிள்ளைக்கு ஊனம் வந்தா யாரு பொறுப்பு? வீட்டுக்காரர் கையெழுத்துப் போடட்டும்" என்று ஸ்கேன் அறையில் ஒருவர். வீட்டுக்காரர் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். நான் ஸ்ட்ரெச்சரில் முழு நினைவோடு படுத்திருக்கிறேன். கை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, சங்கத்தில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். "குடுங்க, நான் போடுறேன்" என்றேன். "நீங்க போட்டா செல்லாதும்மா, ஆம்பள ஆள் யாராச்சும் இருக்காங்களா?" என்றார். நோயாளி வயதுவந்தவராக, சுயநினைவோடு இருந்தால் அவருடைய சம்மதம்தான் சம்மதம், பெற்ற தாயே ஆனாலும் பதிலுக்குக் கையெழுத்துப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு அந்த ஸ்கேன் அறைக் கதவுவரைக்கும் வந்து சேரவில்லை.

பிள்ளைக்கு என்ன ஆகும்? அதையும் பிறகு தேடிப் படித்தேன், ஏனென்றால் அதற்கப்புறம் பிரசவம்வரைக்கும் அந்த ஒரு பயம் என்னைத் தின்றது. நெஞ்சு சி.டி.யில் கதிர் விழுவது நெஞ்சில். வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேருவது 1 மில்லிகிரேகூட இல்லை. ஊனத்துக்கு அஞ்ச வேண்டிய அளவு 50 மில்லிகிரேக்கு மேலே. எடுக்காமல் விட்டால்? தாய் செத்தால் பிள்ளை எங்கே இருக்கும்? இந்தச் சின்னக் கணக்கைப் போட அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. அந்தப் பெண் பிள்ளை பெரிய டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வராத குறையாகக் கூட்டிவந்தாள். அவர் ஒரு சத்தம் போட்டார். என் கையெழுத்து அப்போது செல்லுபடியானது. ஸ்கேன் எடுக்க ஆன நேரம், சண்டை போட்ட நேரத்தில் சிறு பங்குகூட இல்லை.

இரண்டு நுரையீரலிலும் கட்டி. காலில் உறைந்தது பிய்ந்து, சிரை வழியாக ஏறி, இதயத்தின் வலப்பக்கம் நுழைந்து, நுரையீரல் தமனியில் போய் அடைத்திருக்கிறது. ரத்த அழுத்தம் விழாமல் நின்றதால், கட்டியை உடனே கரைக்கிற ஆல்டிபிளேஸ் எனக்குத் தேவைப்படவில்லை. உயிர் போகிற நிலை என்றால் கர்ப்பிணிக்கும் அதைக் கொடுக்கலாம், கொடுத்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஹெப்பாரின் போதுமானதாக இருந்தது. அது கட்டியைக் கரைக்காது. மேலும் வளரவிடாமல் தடுத்து நிறுத்தும், கரைக்கிற வேலையை உடம்பே மெல்லச் செய்துகொள்ளும். நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகாது. வார்ஃபரின் மாத்திரை தாண்டும், பிள்ளையின் எலும்பையும் மூக்கையும் கெடுக்கும், அதனால்தான் ஊசி.

இந்தச் சிகிச்சை ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்த அதிசயம் இல்லை. 1960-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பாரிட், ஜோர்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த நோய்க்காரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுக்காத 19 பேரில் 5 பேர் அடைப்பிலேயே செத்தார்கள். கொடுத்த 16 பேரில் அடைப்பால் ஒருவர்கூடச் சாகவில்லை. கொடுக்காமல் விடுவது பாவம் என்று சோதனையை அப்படியே முடித்துக்கொண்டார்கள். எனக்கு ஓமத் தண்ணீர் கொடுக்கப்பட்டது அதற்கு அறுபது வருஷம் கழித்து.

"நீ சின்ன ஊர்க்காரி, உன் பேச்சு எடுபடல" என்று என் சிநேகிதி ஆறுதல் சொன்னாள். சின்ன ஊர்தான் காரணம் என்றால் செரீனா வில்லியம்ஸுக்கு ஏன் அப்படி நடந்தது? டென்னிஸ் ஒற்றையரில் 23 கிராண்ட் ஸ்லாம் வாங்கியவள். 2011-லேயே ஒருமுறை நுரையீரலில் கட்டி வந்து தப்பித்தவள். 2017 செப்டம்பரில் அறுவை சிகிச்சையில் மகள் பிறந்த மறுநாள் மூச்சு முட்டியது. தனக்கு என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியும். சி.டி. எடுங்கள், ஹெப்பாரின் சொட்டு ஏற்றுங்கள் என்று நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் அவளே எடுத்துச் சொன்னாள். வலி மாத்திரையின் மயக்கத்தில் உளறுகிறாள் என்று நர்ஸ் நினைத்தார். முதலில் காலுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். அவள் விடாமல் அடம்பிடித்து சி.டி. எடுக்கவைத்த பிறகு நுரையீரலில் கட்டிகள் தெரிந்தன. இருமி இருமித் தையல் பிரிந்தது, வயிற்றில் ரத்தம் கட்டியது, திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை. இதையெல்லாம் அவளே சொல்லியும் எழுதியும் இருக்கிறாள். அமெரிக்காவில், கையில் அத்தனை பணத்தோடு, உலகமே பெயர் அறிந்த ஒருத்தி தன் உயிருக்காகத் தன் டாக்டர்களிடம் வழக்காட வேண்டியிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. வயிறு எரிந்தது. அவளுக்குத் தெரிந்திருந்தது, அதனால் கேட்டாள். எனக்கு ஹெப்பாரின் என்ற பெயரே அதுவரை தெரியாது. தெரியாத மருந்தை ஒருத்தி எப்படிக் கேட்பாள்?

வீட்டுக்கு வந்த பிறகு காலை ஒரு ஊசி, மாலை ஒரு ஊசி. மருந்தோடேயே வருகிற சின்ன சிரிஞ்சு. உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருக்கும், அதை வெளியேற்றக் கூடாது. தொப்புளுக்குப் பக்கவாட்டில் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, நேராகச் செருகி, மெல்ல அழுத்த வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. எட்டு மாத வயிற்றில் கிள்ளித் தூக்கத் தோல் எங்கே இருக்கிறது? தோல் விறைத்து நிற்கிறது. என் வீட்டுக்காரர் கை நடுங்க நடுங்கப் போட்டார். அந்தப் பக்கமெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிற்று. ஊசி ஒன்று சில நூறு ரூபாய், தினம் இரண்டு. ஜி.எச்.சில் இருப்பு இருந்தால் இலவசம், இல்லையென்றால் வெளியே. என் தாலிக்கொடி அடகுக்குப் போனது அதற்காகத்தான். (ஹெப்பாரினைப் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள் என்று எங்கேயோ படித்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாத அத்தை, "எதுல இருந்து எடுத்தா என்ன, உசுர குடுக்குதுல்ல, போடு" என்றார்கள். அந்த மனுஷிக்குப் புரிந்தது.)

பிரசவம் தேதி குறித்து நடந்தது. முந்தின நாளே ஊசியை நிறுத்தினார்கள், பெற்ற பிறகு மறுபடி ஆரம்பித்தார்கள். பெண் குழந்தை. ஒரு குறையும் இல்லை. பிரசவ வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் நன்றாகவே செய்தார்கள், மறுக்கவில்லை. பயம்தான் அடங்கவில்லை. நோய் போய்விட்டது என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கோ சளி பிடித்துக் கொஞ்சம் இருமினாலே உள்ளங்கை வியர்க்கிறது. பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்க்கிறேன். காலை நீட்டி வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இதற்கென்று ஒரு டாக்டரிடம் போனேன், "பிழைச்சதுக்கு சந்தோஷப்படும்மா" என்றார்.

பிறகு வந்தது பத்தியம். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு போடும், சீதளம் பிடிக்கும், அதனால் தாகத்துக்கு ஒரு மடக்கு. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இன்னமும் இதுதான். உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும், அசையாமல் கிடந்தால் காலில் தேங்கும். பிரசவமான பெண்களுக்கு மூளைச் சிரையில் ரத்தம் உறைந்து வலிப்பு வருவதை மதுரை மருத்துவர்கள் 1980-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நாற்பது வருஷமாக அந்த எழுத்து நூலகத்தில் இருக்கிறது, தாய் வீட்டுக் கட்டிலுக்கு வரவில்லை. என்னை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சிஸ்டர், ஒரே ஒரு வரி, "நிறைய தண்ணி குடி, நட" என்று என் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் அம்மா கேட்பாளா? "நாங்கள்லாம் பெக்கலையா?" என்றாள். பெற்றார்கள். பத்தாம் நாள், பதினைந்தாம் நாள், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று சாய்ந்து செத்த கதை எந்தத் தெருவில் இல்லை? ஜன்னி கண்டது என்றார்கள், காற்று கருப்பு அடித்தது என்றார்கள், புதைத்தார்கள்.

அதற்கும் மேலே ஒன்று. கர்ப்பத்தில் கட்டி விழுந்தவள் அதற்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தொடவே கூடாது, அடுத்த கர்ப்பம் வந்தால் தொடக்கத்திலிருந்தே ஊசி போட வேண்டும். ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டு வருகிற இந்தச் சேதி என் டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை. பிறந்த குழந்தையின் எடை இருக்கிறது, தடுப்பூசித் தேதி இருக்கிறது. சில மாதம் கழித்து சப் சென்டரில் எனக்கு மாலா-என் பட்டை ஒன்றை இலவசமாக நீட்டினார்கள். அதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. கொடுத்த செவிலியர் மேல் தப்பில்லை, என் தாளில் எழுதியிருந்தால்தானே அவருக்குத் தெரியும்? வேண்டாமென்று நானேதான் தள்ளிவைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி என்றால் வாங்கி அன்றிரவே போட்டிருப்பாள்.

உலகத்தில் ஆயிரம் கர்ப்பத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குக் காலிலோ நுரையீரலிலோ இப்படிக் கட்டி வருகிறது. இங்கே அதில் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், எட்டொன்பது லட்சம் பிரசவம் நடக்கிற மாநிலத்தில் அது வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான பெண்கள். சிசேரியன் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8. வயிற்றைக் கிழிக்கக் கை இவ்வளவு தாராளமாக நீள்கிறதே, கிழித்த பிறகு இவளுக்குக் கட்டி விழுமா என்று ஒரு தாளில் நாலு கேள்வி எழுதிக் கேட்க மட்டும் ஏன் நீள மாட்டேன் என்கிறது? வயது என்ன, எடை என்ன, வீட்டில் யாருக்காவது கட்டி வந்ததா, நரம்பு சுருண்டிருக்கிறதா, எத்தனை நாளாகப் படுக்கையில் இருக்கிறாள். பிரிட்டனில் அப்படித்தான் கேட்கத் தொடங்கினார்கள். 2003–05 மூன்றாண்டில் அங்கே 41 தாய்மார்கள் கட்டி அடைத்துச் செத்தார்கள். கேள்வித்தாளும் தடுப்பு ஊசியும் வந்த பிறகு, 2006–08-இல் 18. ஆள் புதிதாக வரவில்லை, மருந்து புதிதாக வரவில்லை, கேட்டார்கள், அவ்வளவே. அங்கேயும் அது திரும்பி வந்திருக்கிறது, 2020–22-இல் தாய்மார் சாவுக்கு முதல் காரணம் மறுபடியும் இந்தக் கட்டிதான்.

சாவுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பியவர்களையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் ஒரு வழிகாட்டியே போட்டிருக்கிறது. நல்ல விஷயம். பிரேதம் பேசாது, நாங்கள் பேசுவோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன், அந்த நர்சிங் ஹோமுக்கு, என் கேஸ் ஷீட்டின் நகல் கேட்டு. கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் 2002-இல் போட்ட விதி. "எதுக்கும்மா இப்ப? அதான் நல்லா இருக்கீங்களே" என்றது ரிசப்ஷன். சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றார்கள், மேடம் லீவு என்றார்கள். விதியின் எண்ணை எழுதிக் கொடுத்து, ரசீதும் கேட்டேன். அப்புறம் தந்தார்கள்.

மூச்சு முட்டுகிறது, நெஞ்சு குத்துகிறது, கால் வீங்கியிருக்கிறது என்று நான் கதறிய அந்தத் தேதிக்கு நேரே இருந்தது: எடை, ரத்த அழுத்தம், கர்ப்பப்பை உயரம், குழந்தையின் இதயத் துடிப்பு. புகார் என்ற கட்டத்தில் ஒரே வரி. "குறை எதுவும் இல்லை."

எங்கள் சங்கத்தில் பேரேட்டில் பொய்ப் பதிவு போட்டால் சஸ்பெண்ட் ஆர்டர் வீடு தேடி வரும். தப்பான பதிவை அழிக்கவும் கூடாது, வெள்ளை பூசவும் கூடாது. ஒரு கோடு இழுத்து, பழையது தெரியும்படி விட்டு, சரியானதை மேலே எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். நஷ்ட ஈடு கேட்டு நான் மனு எழுதவில்லை. மன்னிப்புக்கூட வேண்டாம். அந்தத் தேதிக்கு நேரே ஒரு கோடு இழுங்கள். மேலே எழுதுங்கள்: மூச்சு வாங்குகிறது என்றாள். மூச்சை இழுத்தால் குத்துகிறது என்றாள். இடது கால் வீக்கம் வற்றவில்லை என்றாள். பார்க்கவில்லை. கையெழுத்துப் போடுங்கள்.